கிளட்ச் பிடிக்கும் இடம்

கிளட்சை யாரோ திருகுகிறார்கள் என்பது ஆறாம் நாள்தான் எனக்கு உறைத்தது. அதுவரை என் கைதான் சரியில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாற்பத்து நான்கு வயதில், எப்போது கீழே விழுவோமோ என்று பயந்துகொண்டே மோட்டார் சைக்கிள் பழக வந்தவள் வேறு யாரைக் குறை சொல்ல முடியும்? ஆனால் ஒரே வண்டி ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விதமாக நடந்துகொண்டால், கோளாறு பழகுகிறவளிடம் இல்லை.

சந்தேகப்படுவது எனக்குக் குணம் மட்டுமல்ல, பிழைப்பும் அதுதான். இருபத்திரண்டு வருடமாக ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் மைக்ரோஸ்கோப் முன்னால் உட்கார்ந்து அணுக்களை எண்ணுகிறவள் நான். வலது கை எண்ணும் கருவியைத் தட்டும், இடது கை குமிழைத் திருகித் திருகிப் படத்தைத் தெளிவாக்கும், கண் எதையும் நம்பாது. எவ்வளவு பெரிய மனிதர் ரத்தமாக இருந்தாலும் இரண்டு தடவை பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன். "இவகிட்ட குடிக்கத் தண்ணி கேட்டாக்கூட எதுக்குன்னு கேப்பா" என்பார் என் வீட்டுக்காரர். கேட்டிருக்கிறேன். ஒரு தடவை பார்த்தால், சுட்டுக்கொண்ட விரலை நல்ல டம்ளரில் முக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

போன மாதம் அணுக்களை எண்ண ஒரு மெஷின் வந்து இறங்கியது. நான் இருபது நிமிடம் பார்ப்பதை அது ஒரு நிமிடத்தில் முடித்துச் சீட்டாகத் துப்பியது. இரண்டு நாள் கழித்து மேனேஜர் என்னை அறைக்குள் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர். கதவைச் சாத்திவிட்டு, எனக்காக நாற்காலியை அவரே இழுத்துப் போட்டார். மேனேஜர் நாற்காலி இழுத்துப் போட்டால் நல்ல செய்தி இல்லை என்று எனக்குத் தெரியும்.

"மேடம், உங்க சீட்டுல இனிமே வேலை இல்ல. ஆனா வீடு வீடாப் போய் ரத்தம் எடுத்துட்டு வர ஒரு ஆள் வேணும். உங்க அளவுக்கு நரம்பு பாத்துக் குத்துறவங்க இங்க யாரு இருக்கா? வண்டி நாங்களே தர்றோம். நீங்க ஓட்டக் கத்துக்கிட்டு, மாசக் கடைசிக்குள்ள லைசென்ஸ் மட்டும் கொண்டு வந்துருங்க."

"ஸ்கூட்டரா?"

"கியர் வண்டி மேடம். ஐஸ் பொட்டி மாட்டி வாங்கிட்டாங்க. ஒண்ணே ஒண்ணுதான்."

"முடியலன்னா?"

அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். எப்போதாவது பழகலாமென்று முன்பே எடுத்துவைத்த பழகுநர் லைசென்ஸ் இருந்ததால், டெஸ்ட்டுக்கு மாதக் கடைசி வெள்ளிக்கிழமை தேதி கிடைத்தது. கையில் பதினாறு நாள்.

சொல்லிக்கொடுக்க வீட்டிலேயே ஆள் இருந்தாள், என் வீட்டுக்காரரின் தங்கை. மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை அவளுக்கு. அதனால் தெரு முழுக்க அவளுக்குப் பெயரே பார்சல். எட்டு வருடத்துக்கு முன்னால் புருஷனை விட்டுவிட்டு, அவனுடைய வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு எங்களோடு வந்து சேர்ந்தாள். "ரெண்டுல எது ஒழுங்கா ஓடுச்சோ அதை எடுத்துக்கிட்டேன்" என்பாள். அந்த வண்டியில்தான் நான் பழக வேண்டும். காலையில் ஆறு மணிக்குப் போய் ஏழரைக்குத் திரும்பினால், எட்டுக்கு அவள் அதே வண்டியில் வேலைக்குப் போவாள்.

பூட்டிக் கிடந்த ஒரு கிடங்குக்குப் பின்னால் பெரிய சிமென்ட் தளம் இருந்தது. முதல் நாள் அங்கே கொண்டுபோய் வண்டியை நிறுத்தி, "இறங்கித் தள்ளுங்க அண்ணி" என்றாள்.

"ஓட்டத்தானே வந்தேன்?"

"அதோட கனம் தெரியாம மேல ஏறுனா, அது உங்களை ஓட்டும்."

ஒன்றரை மணி நேரம் தள்ளினேன். இடது பக்கம் நின்று தள்ளினேன், வலது பக்கம் நின்று தள்ளினேன், சாய்த்துப் பிடித்து எந்த அளவுக்குமேல் என் கைக்கு அடங்காது என்று பார்த்தேன். மறுநாள் இன்ஜினை ஓடவிட்டு, இரண்டு காலையும் தரையில் இழுத்துக்கொண்டு வாத்து மாதிரி போனேன். மூன்றாம் நாள் காலைத் தூக்கினேன். தூக்கியதும் எதிரே இருந்த சுவர்தான் கண்ணில் பட்டது, ஐயோ சுவர் என்று அதையே பார்த்துக்கொண்டு நேராக அதன் மேலேயே போய் முட்டினேன். பெரிய அடி இல்லை. மட்கார்டு கொஞ்சம் நசுங்கியது.

பார்சல் கோபப்படவில்லை. "சுவத்தப் பாத்தீங்க, சுவத்துக்குப் போச்சு. எங்க பாக்குறீங்களோ வண்டி அங்கதான் போகும். அது சொன்ன பேச்சைக் கேக்குது, நீங்கதான் தப்பாச் சொல்றீங்க" என்றாள். குனிந்து நசுங்கிய இடத்தைக் கையாலேயே தட்டி நிமிர்த்தினாள். நாத்தனார் இவ்வளவு பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

நான்காம் நாள் கிளட்ச் பாடம் ஆரம்பித்தது. கிளட்சைப் பிடித்து, கியர் போட்டு, பிடியை மெதுவாக விட்டுக்கொண்டே வந்தால் ஓர் இடத்தில் இன்ஜின் லேசாக முனகும், வண்டி ஒரு நூல் நகரும். அந்த இடம்தான் எல்லாம். அங்கே ஒரு கணம் கையை நிறுத்திவிட்டு விட்டால் வண்டி வழுக்கிக்கொண்டு கிளம்பும். அவசரப்பட்டால் குதித்து அணைந்துவிடும். "அந்த இடத்தைக் கை மனப்பாடம் பண்ணிரணும். புத்திக்கு இங்க வேலை இல்ல" என்றாள் பார்சல். நான் சாயங்காலமும் விடவில்லை. வீட்டு நடையில் ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டியில் ஏறி உட்கார்ந்து, இன்ஜின் இல்லாமலே பிடிப்பதும் விடுவதுமாகப் பழகினேன். ஆனால் அந்த இடம் ஒரு நாள் விரல் நுனியில் இருந்தது, மறுநாள் உள்ளங்கைக்குப் பக்கத்தில் இருந்தது. அடுத்த நாள் முதல் சுற்றில் ஓரிடத்திலும் மூன்றாம் சுற்றில் வேறிடத்திலும் இருந்தது. வீட்டுக் கதவு எண்ணைத் தினமும் மாற்றி மாற்றி எழுதிவைத்தால் தபால்காரர் என்ன செய்வார்? நான் அணைத்தேன், மறுபடி அணைத்தேன், ஒரே காலையில் பதினேழு தடவை அணைத்தேன்.

ஆறாம் நாள்தான் பிடிக்குக் கீழே, கேபிள் நுழைகிற இடத்தில், வரிவரியாகச் செதுக்கிய ஒரு சின்னத் திருகைக் கவனித்தேன். பார்சல் அதைப் போகிறபோக்கில் இரண்டு விரலால் திருகிச் சரிசெய்தாள். "பழைய கேபிள். கொஞ்சம் முன்னபின்னதான் இருக்கும். இதைத் திருகினா பிடிக்கிற இடம் மாறும்" என்றாள். அதைப் பூட்டி வைக்கிற வளையம் தேய்ந்துபோயிருந்ததால், சும்மா விரல் பட்டாலே சுற்றியது. அப்படியா சேதி என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் சந்தேகம் என் வீட்டுக்காரர் மேல். பழுதான தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றுகிற தொழில் அவருக்கு. முன்னறைதான் பட்டறை. வண்டி நிற்கிற நடை அதற்கு ஒட்டினாற்போல. குறடும் ஸ்பேனரும் கைக்கெட்டுகிற தூரத்தில் தொங்கும். போதாததற்கு, நான் பழகப் போகிறேன் என்று சொன்ன அன்றைக்கே "இந்த வயசுல எதுக்கு விஷப்பரீட்சை?" என்று கேட்டவர். ஆறாம் நாள் சாயங்காலம் அவர் முன்னால் போய் நின்றேன். கம்பி சுற்றிக்கொண்டிருந்தார்.

"என்னங்க, வண்டியில கிளட்சைத் தொட்டீங்களா?"

"நூத்தி நாப்பத்தெட்டு."

"தொட்டீங்களா இல்லையா?"

"நூத்தி நாப்பத்தொம்போது. நூத்தி அம்பது."

நான் கம்பியைப் பிடித்தேன். அவர் என்னையும் கம்பியையும் பார்த்தார். பார்த்த பார்வையில் எண்ணிக்கை போய்விட்டது. சுற்றிய அத்தனையையும் இனிப் பிரித்து முதலிலிருந்து சுற்ற வேண்டும்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

"நான் ஓட்டறது உங்களுக்குப் பிடிக்கல. அதான் ராத்திரியோட ராத்திரியா திருகி வைக்கிறீங்க."

"நீ கையக் கால ஒடச்சுக்கிட்டு வந்து படுத்தா சமைக்கிறது யாரு? நானு. குளிப்பாட்டி விடறது யாரு? அதுவும் நானு. எனக்கெதுக்குடி அந்தத் தலையெழுத்து?"

நியாயமான பதில்தான். நியாயமாகப் பதில் சொல்கிறவர்களைத்தான் நான் கூர்ந்து கவனிப்பேன். ஆனால் நான்கைந்து நாள் கவனித்தும் அவர் வண்டிப் பக்கம் போகவில்லை. பிரித்த கம்பியைத் திரும்பச் சுற்றுவதிலேயே அவருக்குப் பொழுது போனது.

டெஸ்ட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது, செவ்வாய்க்கிழமை, மேனேஜர் மறுபடி நாற்காலி இழுத்துப் போட்டார்.

"தப்பா நினைக்காதீங்க மேடம். உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன். இந்த வேலைக்கு உங்க வீட்டுலேர்ந்தே ஒரு அப்ளிகேஷன் வந்திருக்கு. உங்க நாத்தனாராம். லைசென்ஸ் இருக்கு, எட்டு வருஷ அனுபவம் இருக்கு. ரத்தம் எடுக்கறதை நாலு நாள்ல பழக்கிக்கலாம்னு மேலிடத்துல சொல்றாங்க. வெள்ளிக்கிழமை வரைக்கும் நான் நிறுத்தி வச்சிருக்கேன். நீங்க பாஸ் பண்ணிட்டா வேலை உங்களுக்குத்தான்."

பதினோரு நாளாக விடியற்காலையில் என்னை எழுப்பி, ஹெல்மெட் மாட்டிவிட்டு, "அண்ணி, அண்ணி" என்று குழைந்தவள் என் நாற்காலிக்கு அடியில்தான் கைவைத்திருக்கிறாள். மூன்றாம் நாள் சுவரில் முட்டியபோதுகூட அவள் ஏன் கோபப்படவில்லை என்பது இப்போது விளங்கியது. தோற்கப் போகிறவள் மேல் யார் கோபப்படுவார்கள்?

ஆனால் சாட்சி இல்லாமல் நான் யாரையும் குற்றம் சொல்வதில்லை. கண்ணாடித் துண்டில் நோயாளியின் எண்ணை எழுதுகிற பேனா எப்போதும் என் கைப்பையில் இருக்கும். அன்று சாயங்காலம் பழகி முடித்து இறங்கியதும், அந்தத் திருகிலிருந்து பிடியின் உடம்பு வரைக்கும் குறுக்கே ஒரே கோடாக இழுத்தேன். திருகு நூலளவு நகர்ந்தாலும் கோடு உடைந்துவிடும். புதன்கிழமை காலை முதல் வேலையாகப் பார்த்தேன். கோடு அப்படியே இருந்தது. வீட்டுக்காரர் நிரபராதி. அதை அவரிடம் உடனே சொல்லிவிட வேண்டிய அவசரம் ஒன்றும் இல்லை.

தளத்துக்குப் போனோம். பார்சல் காலி பெயின்ட் டப்பாக்களை எட்டுப் போடுவதற்காக இரண்டு வட்டமாக அடுக்கினாள். டெஸ்ட்டில் எட்டுதான் கேட்பார்கள். காலைத் தரையில் ஊன்றாமல், டப்பாவைத் தொடாமல் இரண்டு வட்டத்தையும் சுற்றி வர வேண்டும். அவள் அடுக்கி முடிக்கிறவரை நான் வண்டிமேல் காத்திருந்தேன். மூன்று சுற்று பரவாயில்லாமல் வந்தது. இடையில் அவள் இரண்டு தடவை பக்கத்தில் வந்தாள், ஒரு தடவை என் கைமேல் சாய்ந்து கண்ணாடியைத் திருப்பிவைத்தாள். நான்காவது சுற்றில் பிடியை விட்டேன், வண்டி குதித்து அணைந்தது. குனிந்து பார்த்தேன். கோடு உடைந்து கால் வட்டம் நகர்ந்திருந்தது.

"எதுக்கு இதைத் திருகுனே?"

"எதை?"

"நடிக்காத. கோடு போட்டு வச்சிருந்தேன். காலையில சரியா இருந்துச்சு, இப்ப இல்ல. இங்க நம்ம ரெண்டு பேரைத் தவிர ஈ காக்கா கிடையாது."

"அண்ணி, நான் தொடவே இல்ல."

"அன்னிக்கு நீ திருகினதை என் கண்ணால பாத்தேன்."

"லூசா இருந்துச்சு, சரிபண்ணேன். யாரு லூசாக்குனாங்கன்னு எனக்கென்ன தெரியும்?"

"என் வேலைக்கு அப்ளிகேஷன் போட்டியே, அதுவும் உனக்குத் தெரியாதா? கூடவே இருந்து குழி பறிச்சிருக்கே. நான் கீழ விழுந்து கால் போனாக்கூட உனக்குச் சம்மதம். அப்படித்தானே?"

அவள் முகம் வெளுத்தது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அவள் கத்தவில்லை. விறுவிறுவென்று நடந்து, தளத்தின் கோடியில் இருந்த குட்டைச் சுவரில் ஏறி உட்கார்ந்து, இரண்டு கையையும் முழங்கால்மேல் விரித்துவைத்தாள்.

"என் ரெண்டு கையும் இங்க இருக்கு. நல்லாப் பாத்துக்கோங்க. கோட்டை அழிச்சுட்டு வேற கோடு போடுங்க. நீங்களே ஓட்டுங்க, நான் கிட்டவே வரல."

சவாலா என்று எனக்கும் ரோசம் வந்தது. திருகைச் சரியான இடத்தில் வைத்து, புதுக் கோடு போட்டேன். ஒரு சுற்று ஓட்டினேன், கோடு சரியாக இருந்தது. நின்று, எட்டின் வளைவை எங்கே ஆரம்பிப்பது என்று கண்ணால் அளந்துகொண்டிருந்தேன். கிளம்பினேன். வண்டி அணைந்தது. கோடு உடைந்திருந்தது. பார்சல் நூறடி தூரத்தில், கை இரண்டும் முழங்கால்மேல்.

இன்ஜின் அதிர்வாக இருக்கும் என்று நினைத்தேன். நினைத்ததைச் சோதிக்காமல் விடுகிற பழக்கம் எனக்கு இல்லை. மறுபடி கோடு போட்டு, இன்ஜினை ஓடவிட்டு, கையை எடுத்துவிட்டு இருநூறு எண்ணினேன். கோடு நகரவில்லை. சரி என்று கையைப் பிடியில் வைத்து, முன்னால் இருந்த வளைவைப் பார்த்தேன். எந்த டப்பாவில் திரும்பலாம், இதற்கு முன்னாலா, அதற்கு முன்னாலா என்று யோசித்துக்கொண்டே சட்டென்று கண்ணைத் தாழ்த்திக் கையைப் பார்த்தேன்.

என் இடது கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அந்தத் திருகின் மேல் இருந்தன. ஒரு நூல் முன்னால், அரை நூல் பின்னால், மறுபடி ஒரு நூல் முன்னால். எதையாவது கூர்ந்து பார்க்க ஆரம்பித்தால் இருபத்திரண்டு வருடமாக அந்த இரண்டு விரலும் செய்கிற வேலை அது. மைக்ரோஸ்கோப்பின் குமிழ் கிடைக்காததால் கைக்குக் கிடைத்ததைத் திருகிக்கொண்டிருந்தன. நான் ஒன்றும் சொல்லாமல், எனக்கே தெரியாமல், என் கண்முன்னாலேயே.

என்னைப் பற்றி நான் இவ்வளவு வெட்கப்பட்ட நாள் வேறு இல்லை. அதைவிட வெட்கமான ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். முதலில் எனக்குத் தோன்றியது, எச்சில் தொட்டுக் கோட்டை அழித்துவிடலாம் என்பதுதான். பார்சல் தூரத்தில் இருக்கிறாள், ஒன்றும் பார்க்கவில்லை. கேபிள் பழசு, அதிர்வு என்று எதையாவது சொல்லிவிடலாம். விரலை வாய்வரை கொண்டுபோனேன். பிறகு இன்ஜினை அணைத்து, ஸ்டாண்டு போட்டுவிட்டு, அந்த நூறடியும் நடந்து போனேன்.

"நான்தான்" என்றேன்.

"என்ன நான்தான்?"

"திருகுனது நான்தான். கை தன்னால போகுது. லேபுல பழகின கை." காற்றில் இரண்டு விரலைத் திருகிக் காட்டினேன். "உன்னைப் போய் சொல்லக்கூடாததெல்லாம் சொல்லிட்டேன். அதுக்கு முன்னாடி உங்க அண்ணனையும் சொல்லிட்டேன்."

"அண்ணனையுமா?" அவளுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் அடங்கியது. "ஆனா ஒண்ணு அண்ணி. அப்ளிகேஷன் போட்டது நிஜம். அதைத் திருப்பி வாங்க மாட்டேன். எட்டு வருஷமா மாடி மாடியா ஏறி எறங்கறேன். காலையில எந்திரிச்சா இடுப்பைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கறேன். உங்களுக்கு அது தெரியாது, ஏன்னா உங்களை எழுப்பறதுக்கு முன்னாடியே நான் நிமிந்துருவேன். எனக்கும் அந்த வேலை வேணும். வெள்ளிக்கிழமை நீங்க ஃபெயிலானா நான் போய்ச் சேந்துருவேன்."

"அப்ப எதுக்குடி எனக்குச் சொல்லிக்குடுத்தே?"

"நீங்களாத் தோத்து எனக்குக் கிடைச்சா வாங்கிக்குவேன். நான் தோக்கடிச்சு வாங்கினா அப்புறம் உங்க மூஞ்சியில எப்படி முழிக்கறது? வீட்டுல இருக்கறது ஒரே பாத்ரூம் வேற."

அவள் சுவரிலிருந்து இறங்கினாள். என் கைப்பையில் ரத்தம் எடுத்த இடத்தில் ஒட்டுகிற பிளாஸ்திரி இருந்தது. அதை வாங்கித் திருகின்மேல் இறுக்கிச் சுற்றினாள். "இனிமே இந்தக் கையைச் சும்மா விடாதீங்க. வண்டியில உக்காந்ததுலேர்ந்து எறங்கற வரைக்கும் ரெண்டு விரல் கிளட்ச் பிடிமேலயே இருக்கணும். வேலை குடுத்தா திருகாது" என்றாள். அன்று அவள் வேலைக்கு ஒரு மணி நேரம் தாமதமாகப் போனாள். வியாழக்கிழமை ஒன்பது தடவை எட்டுப் போட்டேன், ஆறு தடவை கால் ஊன்றவில்லை. பிடிக்கிற இடம் நடுவிரலின் இரண்டாவது கணுவில் இருந்தது. அங்கேயே இருந்தது.

வெள்ளிக்கிழமை டெஸ்ட் மைதானத்தில் எனக்கு முன்னால் பதினோரு பேர். அதிகாரி தகரக் கூரைக்குக் கீழே மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். கால் ஊன்றினால் தலையைத் தூக்காமலேயே "அடுத்த மாசம்" என்பார். எனக்கு அடுத்த மாதம் கிடையாது. "நீங்க வரிசையில நில்லுங்க, நான் வண்டியைச் சூடு பண்ணி வைக்கறேன்" என்று பார்சல் வண்டியை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

எனக்கு முன்னால் இரண்டு பேர் இருக்கும்போது திரும்பிப் பார்த்தேன். அவள் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இடது கைப்பிடிமேல் குனிந்திருந்தாள். வெகுநேரம் குனிந்திருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்டு இரண்டு நாள்கூட ஆகவில்லை, மனசு அதற்குள் பழைய இடத்துக்குப் போய்விட்டது. நான் ஃபெயிலானால் நாளைக்கே அவளுக்கு வேலை. அதை அவளே சொன்னாள். போய்ப் பார்க்கலாமா என்று ஓர் அடி வைத்தேன். என் எண்ணைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பார்சல் வண்டியைக் கொண்டுவந்து கொடுத்தாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து பார்த்தால், திருகின்மேல் இருந்தது பழைய அழுக்குப் பிளாஸ்திரி இல்லை. வெள்ளை வெளேரென்று புதிது. பிரித்திருக்கிறாள். எதற்குப் பிரித்தாள்? உள்ளே திருகு எங்கே இருக்கிறதென்று வெளியே தெரியவில்லை. நகத்தால் ஓரத்தைக் கிளப்பினால் கோடு தெரிந்துவிடும். இரண்டு நொடி வேலை. அதிகாரி "ம்" என்றார்.

இரண்டு விரலைப் பிடிமேல் வைத்தேன். கியர் போட்டேன். எட்டின் முதல் வளைவுக்கு அப்பால் பார்த்துக்கொண்டு பிடியை விட்டேன். நடுவிரலின் இரண்டாவது கணுவில் வண்டி முனகியது.

அதற்குப் பிறகு எப்படி ஓட்டினேன் என்று சரியாக ஞாபகம் இல்லை. இரண்டாவது வட்டத்தில் வண்டி கொஞ்சம் ஆடியது, தரையைப் பார்க்கப் போன கண்ணைப் பிடித்து இழுத்துத் தூரத்தில் வைத்தேன். கால் கீழே போகவில்லை. "சரி. அடுத்தது" என்றார் அதிகாரி.

உடனே பார்சலைத்தான் தேடினேன். மரத்தடியில் நின்றிருந்தாள். நான் பார்ப்பது தெரிவதற்கு முன்னால் அவள் முகம் தொங்கிப்போயிருந்தது. நான் பார்ப்பதைக் கண்டதும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினாள். அந்த முதல் முகத்தை நான் பார்த்துவிட்டேன் என்று அவளுக்கும் தெரியும்.

வண்டியைத் தள்ளிக்கொண்டே வெளியே வந்தோம். கேட்டைத் தாண்டியதும் அவளே பேசினாள்.

"பழைய பிளாஸ்திரி வியர்வையில கழண்டுகிட்டிருந்துச்சு அண்ணி. மாத்தத்தான் குனிஞ்சேன். பிரிச்சா, திருகு கண்ணு முன்னாடி நிக்குது. அரைச் சுத்து போதும். மேல பிளாஸ்திரியை ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது. நீங்களேகூட உங்க கைதான் எப்பவோ திருகியிருக்கும்னு நினைச்சுக்குவீங்க. விரலை வச்சுட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, பிளாஸ்திரியைச் சுத்திட்டு வந்துட்டேன்."

"இதை எதுக்கு எங்கிட்ட சொல்றே?"

"இல்லாட்டி எப்பவாவது நீங்களே யோசிச்சுக் கண்டுபிடிச்சு வந்து கேப்பீங்க. உங்களைத் தெரியாதா?" வண்டியைப் பிடித்து நிறுத்தினாள். "என் இடத்துல நீங்க இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

நல்லவள் மாதிரி ஒரு பதில் வாய்வரை வந்தது. அவள் முன்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

"திருகியிருப்பேன்" என்றேன்.

"தெரியும்" என்றாள் பார்சல், குரலில் கோபமே இல்லாமல். "அதனாலதானே உங்களுக்கு என்மேல அப்படியொரு சந்தேகம் வந்துச்சு."

ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்ததால் நான் அழுதது தெருவில் யாருக்கும் தெரியவில்லை. அவள் மணி பார்த்தாள், சாவியை என் கையில் வைத்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தாள். "எங்க பார்சல் டிப்போ வரைக்கும் ஓட்டுங்க. நேரமாச்சு" என்றாள். அவளை டிப்போ வாசலில் இறக்கி, வண்டியை அவளிடம் கொடுத்துவிட்டு, மேனேஜரைப் பார்க்க நான் பஸ் ஏறினேன். அவளுக்கு அன்றைக்கு அறுபத்திரண்டு பார்சல் இருந்தது. பாதிக்கு மேல் மாடி வீடுகள்.